உறைந்த மண்ணில் நட்ட கம்பம்

நான் இமயமலைக்கு மூன்று முறை போய் வந்தவன் என்று தெரிந்ததும் ஆவடிக்குப் பக்கத்தில், எங்கள் கோவில்பதாகை அடுக்குமாடிக் குடியிருப்பில் என் மதிப்பு திடீரென்று உயர்ந்தது. மேல்மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள், "கைலாயம் தரிசனம் ஆச்சா சார்?" என்று கேட்டார்கள். இல்லை தம்பி, ஒரு ஏரிக்கரையில் இரும்புக் கம்பம் நட்டேன் என்றேன். மதிப்பு பழையபடி தரைத்தளத்துக்கு வந்துவிட்டது.

நான் வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் போன மாதம் கூப்பிட்டார்கள். இனிமேல் மலைக்கு ஆளே போக வேண்டியதில்லையாம். படம் ஆகாயத்திலிருந்து வரும், கணக்கைக் கம்ப்யூட்டர் போடும். "அந்தக் காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க? ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். அந்தக் காலம் என்று அவர்கள் சொல்வது எனக்கு முந்தாநாள் மாதிரி இருக்கிறது. கேட்டதற்காக எழுதுகிறேன்.

பாடியில் பிறந்தவன் நான். ஐ.டி.ஐ.யில் கருவி மெக்கானிக் படித்தேன். அப்ரண்டிஸாக உள்ளே போனவன் வெளியே வரும்போது தலையில் பாதி முடி இல்லை. மழைமானி, காற்றுமானி, ஏரிகளில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவி, இவைதான் எங்கள் சரக்கு. முப்பத்தைந்து வருடம் ஏரி ஏரியாகச் சுற்றி, பாம்பும் சேறும் பார்த்துப் பழகியவனுக்கு, வேலை முடியப்போகும் வயதில் பனிமலை ஒப்பந்தம் வந்து சேர்ந்தது.

குளிரில் கருவி வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டும். அதற்கான சோதனை அறை எங்களிடம் கிடையாது. பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் மூடிவிட்ட ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து பெரிய ஃப்ரீசர் பெட்டி ஒன்று வாங்கி வந்தோம். வெளியே கத்திரி வெயிலில் தகரக் கூரை படபடக்கும். உள்ளே எங்கள் கருவி இமயமலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எண் காட்டும். ஸ்டோர்கீப்பர் காசி, ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்து பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வான். "இன்னாபா தணிகா, இமயமலை சோக்கா கீதுபா" என்பான். அவன் தலையை விடும்போதெல்லாம் எங்கள் சோதனைக் கணக்கு கெட்டுப்போகும்.

சர்வீஸ் மேனேஜர் வரதன் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ரிப்போர்ட்டை நீட்டினால் ஆறு அங்குல ஸ்கேல் ஒன்றை முதல் வரிக்கு அடியில் வைப்பார். படித்து முடித்த பிறகுதான் ஸ்கேல் அடுத்த வரிக்கு நகரும். ஸ்கேல் எங்காவது நின்றுவிட்டால் எதிரே நிற்பவனுக்கு வியர்க்கும். மெமோ கொடுப்பதாக இருந்தால் முதலில் டீ வரவழைப்பார். அதனாலேயே அவர் அறையில் டீ குடிக்க எவனுக்கும் பிடிக்காது. திருப்பதி மலைப்பாதையிலேயே பஸ்ஸில் வாந்தி எடுக்கும் மனிதர். இமயமலையில் கம்பம் நடுவதற்கான செய்முறையை வரி வரியாக எழுதியவர் அவர்தான்.

வெளிநாட்டுக் கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு எழுதினார். அதில் ஒரு வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: 'உறைந்த மண்ணைப் பாறையாகவே கருதலாம்.' கையேட்டில் இல்லாத ஒரு வரியை அவராகக் கடைசியில் சேர்த்திருந்தார்: 'கருவி நிற்காத வேறொரு இடத்தில், கருவியின் மட்டத்தைக் குறித்துவிட்டு வரவும்.' அதற்கு அவர் வைத்த பெயர் சாட்சிக் குறி.

"கம்பத்தைக் கம்பத்தையே வெச்சு அளக்க முடியாது தணிகாசலம். அது தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிற சாட்சி. கோர்ட்ல நிக்காது" என்றார்.

நாங்கள் போன இடம் இமயமலையில் லாஹுல் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. ஊர்ப் பெயர் வேண்டாம். ஊருக்கு மேலே, கால்நடையாக நான்கு மணி நேரம் ஏறினால் அந்த ஏரி. முன்பு அங்கே ஏரி இல்லை, பனிப்பாறைதான் இருந்தது. அது உருகி உருகி மேலே ஒதுங்கிப் போக, விட்டுப்போன பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. பனிப்பாறை ஒரு காலத்தில் தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல்லும் மண்ணும்தான் ஏரிக்குக் கரை. யாரும் கட்டாத அணை. அது உடைந்தால் தண்ணீர் நேராக ஊருக்குத்தான் வரும்.

எங்கள் வேலை, கரையில் கம்பம் நட்டு, அதிலிருந்து தண்ணீருக்கு மேலே கை மாதிரி ஒரு சட்டத்தை நீட்டி, நுனியில் கருவியைத் தொங்கவிடுவது. கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் குறியைத் தாண்டி ஏறினாலும், திடீரென்று இறங்கினாலும், ஊர்ப் பள்ளிக்கூடத்து மாடியில் நாங்கள் வைத்த சைரன் அலறும். எங்கள் பாடியில் அதற்குப் பெயர் சங்கு. கம்பெனிச் சங்கு கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் முறை போனபோது இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். காற்று மெல்லிசு. செருப்பு மாட்டினாலே மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிப் போனோம். கையுறையோடு நட்டு பிடிக்காது. கையுறையைக் கழற்றினால் பத்து எண்ணுவதற்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும். ஒரு நட்டுக்கு இரண்டு பத்து. கடப்பாரை பட்டால் தீப்பொறி பறக்கும் அளவுக்கு மண் இறுகிக் கிடந்தது. கையேடு சொன்னது சரிதான், இது பாறையேதான் என்று நானும் நினைத்தேன். கம்பத்தை நட்டு, ரசமட்டம் வைத்துக் குமிழி நடுவில் நிற்பதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டேன். மிச்சமிருந்தது சாட்சிக் குறி. கரைக்கு அப்பால் உண்மையான மலைச்சுவர் இருந்தது. கம்பத்தில் ஒரு குறி வைத்துவிட்டு, அங்கே போய் அதே மட்டத்துக்குச் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு போட்டுத் திரும்ப அரை நாள் ஆயிற்று. வழியெல்லாம் வரதன் சாரை வாயாரத் திட்டினேன். அந்தக் காற்றில் திட்டுவதற்கும் மூச்சு செலவாகிறது.

அடுத்த கோடையில் புகார் வந்தது. சங்கு இரண்டு முறை அலறியிருக்கிறது. இரண்டு முறையும் ஊரே கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறது. தண்ணீர் வரவே இல்லை. இப்போது ஊர்க்காரர்கள் சங்கின் வாயில் கம்பளியைத் திணித்துவிட்டார்களாம். எங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்த அரசுத் துறை, 'பொய் எச்சரிக்கை' என்று தலைப்பிட்டுக் கடிதம் அனுப்பியிருந்தது.

வரதன் சார் டீ சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது.

"நீதான் நட்ட. நீயே போய்ப் பாரு. கம்பம் ஆடியிருந்தா உன் தப்பு. கருவி கெட்டிருந்தா கம்பெனி தப்பு. ரெண்டும் இல்லேன்னா அவங்க கையை வெச்சிருக்காங்க. நாலாவதா ஒண்ணு கிடையாது" என்றார்.

வீட்டில் என் மனைவி சரோஜா, இருந்த ஒரே ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே, "ரிட்டயர் ஆவறதுக்கு ஒன்ற வர்சம்கூட இல்ல. இந்த நேரத்துல கெட்ட பேரு வாங்கிகினு வராத. தப்பு இருந்தா பேசாம ஒத்துக்கினு வந்துடு" என்றாள்.

ஏரிக்கரையில் கம்பத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சாய்ந்திருந்தது. ரசமட்டத்தில் குமிழி ஒரு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. என் தப்புதான், சரியாக நடவில்லை என்று முடிவே செய்துவிட்டேன். ஆனால் அடியில் தோண்டிப் பார்த்தால் போல்ட் ஒன்றுகூட அசையவில்லை. கம்பமும் அடித்தகடும் ஒன்றாக, நட்டது நட்டபடி இருந்தன. போன வருடம் தீப்பொறி பறந்த மண்ணில் இப்போது கைவிரல் இறங்கியது.

மட்டம் பார்க்கும் தொலைநோக்கியான டம்பி லெவலை முக்காலியில் ஏற்றி, தூரத்து மலைச்சுவரில் நான் போட்ட சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். கோடு கம்பத்துக் குறிக்கு மேலே நின்றது. ஒரு சாண், நாலு விரல். மலைச்சுவர் ஏறியிருக்க முடியாது. கம்பம் இறங்கியிருக்கிறது. கம்பம் மட்டும் தனியாக இறங்கவில்லை, அது நின்ற கரையே இறங்கியிருக்கிறது. தண்ணீரையும் அளந்தேன். அது கொஞ்சம்தான் ஏறியிருந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. தண்ணீருக்கும் தனக்கும் நடுவில் இடைவெளி குறைந்ததைச் சொன்னது. தண்ணீர் மேலே வந்தாலும் கரை கீழே போனாலும் அதற்கு ஒரே கணக்கு. கீழே இருந்தவர்கள் எல்லோரும் முதல் காரணத்தை மட்டும் எதிர்பார்த்து, அது இல்லை என்றதும் பொய் என்றார்கள்.

கற்களுக்கு இடையில் காதை வைத்தேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று கன்னத்தில் பட்டது. எங்கோ ஆழத்தில் குழாயை மூடாமல் விட்ட மாதிரித் தண்ணீர் ஓடும் சத்தம். கரையின் வயிற்றுக்குள் இருந்த பழைய பனி உருகிக்கொண்டிருந்தது. அதுதான் அந்தக் கல்லையும் மண்ணையும் இத்தனை நாள் கட்டிப் பிடித்திருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாக எழுந்து நின்றேன். மெதுவாக எழுந்ததால் கரைக்கு என்ன லாபம் என்று இப்போது தோன்றுகிறது.

ஊருக்குள் ஒரே ஓர் இடத்தில்தான் போன் எடுக்கும். அங்கே நின்று வரதன் சாரைக் கூப்பிட்டேன். அம்பத்தூரில் லேத் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாட்சிக் குறியிலேர்ந்து எத்தனை தடவை அளந்தே?"

"மூணு தடவை சார்."

"சரி. கருவியை மறுபடி ஜீரோ பண்ணிடு. இன்னிக்கு இருக்கிற மட்டம்தான் ஆரம்பம்னு வெச்சுக்கோ. சங்கு நின்னுடும். கிளம்பி வா."

"ஜீரோ பண்ணா, கரை இறங்கினதே இல்லைன்னு ஆயிடுமே சார்."

"ஒப்பந்தத்துல தண்ணி மட்டம்தான் இருக்கு தணிகாசலம். கரை மட்டம் இல்லை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சங்குக் கம்பளி விஷயமாக ஊர்த் தலைவியைப் பார்க்கப் போனேன். ஆங்மோ என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். ஆற்றோரம் பட்டாணித் தோட்டம் வைத்திருந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் வடக்கத்திக்காரர்களிடம் கற்றுக்கொண்ட ஹிந்தி எனக்கு. அவருக்கும் ஹிந்தி இரவல் மொழிதான். அதனால் இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. அக்கா என்று அர்த்தம் வரும்படி 'தீதி' என்று கூப்பிட்டேன். கரை இறங்குகிறது என்று கையைத் தாழ்த்திக் காட்டினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எங்களுக்குத் தெரியும். போன வருஷம் மேலே ஊற்று இருந்த இடம் காய்ந்துவிட்டது. கீழே இல்லாத இடத்தில் புதிதாக ஊறுகிறது. ஆடு போகிற பாதை உள்வாங்கிவிட்டது. தெரியாமல் இருந்தது உங்கள் கருவிக்குத்தான்" என்றார்.

"அப்படியென்றால் சங்கை ஏன் அடைத்தீர்கள் தீதி?"

"அது எதற்கெடுத்தாலும் ஒரே மாதிரி அழுகிறது. குழந்தைகூடப் பசிக்கு ஒரு மாதிரி, வலிக்கு ஒரு மாதிரி அழும். நாங்கள் எதற்கு ஓடுவது, எதற்குச் சும்மா இருப்பது? மூன்றாம் முறை யாரும் ஓட மாட்டார்கள். அன்றைக்குத்தான் தண்ணீர் வரும்."

எனக்குப் பாடி ஞாபகம் வந்தது. எங்கள் தெருவுக்கு எதிரே இருந்த தொழிற்சாலையில் ஷிஃப்டுக்குச் சின்னச் சங்கு, தீப்பிடித்தால் நிறுத்தாமல் நீளச் சங்கு. சின்னச் சங்குக்கு அம்மா உலை வைப்பாள். நீளச் சங்குக்கு வாசலுக்கு ஓடி வருவாள். படிக்காதவள் ஒரு நாளும் மாற்றிச் செய்ததில்லை.

அன்று மதியம் பள்ளிக்கூடத்து மாடியில் ஏறி, சங்கின் வாயிலிருந்த கம்பளியை எடுத்துவிட்டு, அதன் பெட்டியைத் திறந்து அமைப்பை மாற்றினேன். மட்டம் குறியைத் தாண்டியிருந்தால் காலையில் மட்டும் மூன்று சின்னச் சங்கு. கரை இறங்குகிறது, கவனமாக இருங்கள் என்று அர்த்தம். தண்ணீர் திடீரென்று இறங்கினால், அதாவது கரை உடைந்தால், நிறுத்தாமல் நீளச் சங்கு. ஜீரோ பண்ணவில்லை. முப்பத்தேழு வருட வேலையில் மேலதிகாரி சொன்னதைச் செய்யாமல் விட்டது அந்த ஒரு முறைதான். பெட்டியை மூடிப் பூட்டினேன்.

ஆங்மோ வீடு வீடாக என்னை அழைத்துக்கொண்டு போய் விளக்கினார். எல்லா வீடும் முடிந்ததும் ஆற்றங்கரையில் ரோடு போடும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் கூடாரங்களைக் காட்டி, "அவர்களுக்கு யார் சொல்வது?" என்று கேட்டார். துறை கொடுத்த பட்டியலில் கூடாரங்கள் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பட்டியலைப் பையில் வைத்துவிட்டுக் கூடாரங்களுக்கு இறங்கி நடந்தேன்.

அம்பத்தூர் திரும்பியதும் காசி வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "இன்னா மாமே, ஊருக்கே சங்கு ஊதிட்டு வந்துகீறியாமே?" என்றான். வரதன் சார் அறையில் டீ தயாராக இருந்தது.

ஸ்கேல் என் ரிப்போர்ட்டில் முக்கால் மணி நேரம் நகர்ந்தது. 'ஒரு சாண், நாலு விரல்' என்ற இடத்தில் நின்றது. "சென்டிமீட்டர்ல எழுதணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். பிறகு இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று, உத்தரவை மீறியதற்காக எனக்கு மெமோ. இன்னொன்று, கரை இறங்குவதாக என் அளவுகளோடு துறைக்குக் கடிதம். இரண்டையும் ஒரே பச்சைப் பேனாவில் எழுதினார்.

"சார், நான் செஞ்சது தப்புன்னா அந்த லெட்டர் எதுக்கு?"

"நீ செஞ்சது தப்பு. அளந்தது சரி. ரெண்டையும் ஏன் குழப்பிக்கிறே? டீயைக் குடி, ஆறுது."

துறையிலிருந்து, கடிதம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. என் மேல் விசாரணைக்கு வரதன் சாரே அதிகாரி. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லித் தேதியைத் தள்ளிப்போட்டார். மறதி என்று நினைத்தேன். அவருக்கு மறதி கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை.

அதற்கு அடுத்த கோடையில் ஒரு நாள், பகல் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனித் திரையில் அந்த ஏரியின் எண் சரசரவென்று இறங்கியது. பிறகு எண்ணே வரவில்லை. கையில் பிசைந்த சோற்றோடு நின்றேன். ஆங்மோவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சாயங்காலம் முழுவதும் அடித்துப் பார்த்தேன். மறுநாள் காலைதான் குரல் கேட்டது.

"நீளமாக அழுதது. எல்லோரும் மேட்டில் இருக்கிறோம். தலை எண்ணிவிட்டேன். கூடாரத்து ஆட்கள் எங்களுக்கு முன்னால் ஏறிவிட்டார்கள். கட்டிப் போட்டிருந்த கோவேறு கழுதை ஒன்று போய்விட்டது. பாலம் போய்விட்டது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பட்டாணி பறிக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது" என்று சொல்லி அழுதார்.

அந்த வாரமே துறையிலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் நிலையத்திலிருந்து தகவல் வருவது நின்றுவிட்டது. ஒப்பந்தப்படி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பழுதைச் சரிசெய்யவும்.' கம்பமும் கருவியும் அவை நின்ற கரையும் ஆற்றோடு போய் மூன்று நாள் ஆகியிருந்தது. வரதன் சார் ஸ்கேலை வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு என் விசாரணைக் கோப்பை எடுத்து, 'சாட்சியப் பொருளான கருவி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதால் விசாரணை கைவிடப்படுகிறது' என்று பச்சையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். செய்முறைத் தாளையும் எடுத்து, உறைந்த மண்ணைப் பற்றிய அந்த வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்தார்.

ஏரியில் மிச்சமிருந்த தண்ணீருக்காக மூன்றாம் முறை புதுக் கம்பத்தோடு போனேன். மிச்சமிருந்த கரையில் எங்கே நடலாம் என்று கையேட்டைத் திறந்தபோது ஆங்மோ அதை மூடி என் பையில் வைத்துவிட்டு, மலைச்சுவரையே காட்டினார். பாறையில் துளை போட நான்கு நாள் ஆயிற்று. கீழே அவர் தோட்டம் இருந்த இடத்தில் வண்டி வண்டியாகக் கல் கிடந்தது. ஓரத்தில் ஒரு பாத்தி அளவுக்குக் கல் பொறுக்கி மண் சேர்த்திருந்தார்.

வேலை முடிந்து இறங்கும்போது மலையின் இன்னொரு மடிப்பைக் கை நீட்டிக் காட்டினார். அங்கே, இன்னொரு பனிப்பாறை பின்வாங்கிய இடத்தில், வெயில் பட்டு எதுவோ பளபளத்தது. தட்டு அளவுக்குத் தெரிந்தது.

"அதற்குக் கருவி எப்போது?" என்று கேட்டார்.

அம்பத்தூர் வந்து ரிப்போர்ட்டில் எழுதினேன். வரதன் சார் கடிதம் போட்டார். வரைபடத்தில் அப்படி ஒரு ஏரி இல்லை என்று பதில் வந்தது. நான் ஓய்வு பெற்றேன், அவரும் பெற்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடை முடிவிலும் ஆங்மோ அதே இடத்தில் நின்று அந்தத் தண்ணீரைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நான் அதைக் கம்பெனிக்கும் துறைக்கும் அனுப்புகிறேன். இந்த வருடம் இரண்டு படம் வந்தது. ஏன் தீதி இரண்டு என்று கேட்டேன். ஒன்றில் அடங்கவில்லை என்றார்.